பனிக்கட்டிக்கு ஒரு தொப்பி

நரின் ஊரில் மார்ச் மாதமும் குளிர்காலக் கணக்குதான்.
சனிக்கிழமை. விடுமுறையைப் பறித்த கோபம்
எங்கள் பூட்ஸ்களிலிருந்து உருகி
வகுப்பறைத் தரையில் சேறாய்க் கிடந்தது.
பதினாறு ஆசிரியர்கள்,
எட்டு வயதுக்காரர்களின் மேசைகளில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

பயிற்சி தர வந்தவள் பெயர் மேரிம்.
திரை இல்லை, படம் இல்லை.
கையில் ஒரு வாளி, அதில் ஆற்றிலிருந்து உடைத்த பனிக்கட்டி.
"யாராவது ஒரு கல்பாக் தருகிறீர்களா?"
டோக்டோபெக் தன் வெள்ளைத் தொப்பியை,
ஆட்டு ரோமத்தை அடித்து இறுக்கிச் செய்த அந்தத் தொப்பியை,
தரையில் வைக்கக் கூடாதென்று
மூன்று முறை சொல்லிவிட்டுக் கொடுத்தார்.

ஒரு கட்டி தொப்பிக்குள்.
அதே அளவில் இன்னொன்று வெறும் தட்டில்.
"எது முதலில் உருகும்?"

தொப்பிதான் என்று பதினைந்து கைகள்.
என் கைதான் முதலில் எழுந்தது.
பதினாறாமவர் தூங்கிக்கொண்டிருந்தார்.
இருபத்திரண்டு வருடமாய்க் கரும்பலகையில்
நான் எழுதிவரும் வரியல்லவா அது:
கம்பளி சூடு தரும்.
முற்றுப்புள்ளியைக் கொஞ்சம் அழுத்தியே வைப்பேன்.

தேநீர். பொரித்த மாவுருண்டை.
யாருக்கு இன்னும் சம்பளம் வரவில்லை என்ற பேச்சு.
திரும்பி வந்தால்
தட்டில் தண்ணீர்.
தொப்பிக்குள் கட்டி அப்படியே,
முனை மட்டும் மழுங்கி,
மேலே ஒரு ரோமம் ஒட்டியபடி.

"தொப்பி பழசு" என்றார் ஒருவர்.
"இவள் நடுவில் மாற்றியிருப்பாள்" என்றார் இன்னொருவர்.
மேரிம் மறுக்கவில்லை, விளக்கவும் இல்லை.
"ஏன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு
ஜன்னலைப் பார்த்து நின்றாள்.
எனக்கு எரிச்சலாய் வந்தது.
கேள்வி கேட்டால் இரண்டு நொடி,
அதற்குள் விடை வராவிட்டால் நானே சொல்லிவிடுவேன்.
பாடம் முடிக்க வேண்டாமா?

அந்த மௌனம் தாங்காமல் யாரோ சொன்னார்கள்:
"வெறும் தொப்பிக்குள் வெப்பமானியை வைத்துப் பார்ப்போமே."
வைத்தோம்.
அறை பத்தொன்பது. தொப்பி பத்தொன்பது.
மீண்டும் பார்த்தோம், பத்தொன்பது.

"அப்படியானால் இது எதையும் தருவதில்லை.
உள்ளே வருவதையும் வெளியே போவதையும்
தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான்.
நம் கல்வி அலுவலகம் மாதிரி" என்றார் டோக்டோபெக்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் பெக்டுரை நினைத்துக்கொண்டேன்.

பல வருடத்துக்கு முந்தைய மூன்றாம் வகுப்பு.
குளிரில் கம்பளி ஏன் அணிகிறோம்?
கோணல் எழுத்தில் எழுதியிருந்தான்:
"நான்தான் சூடு. கம்பளி என்னைப் பிடித்துவைக்கிறது."
சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன்.
என் வரியைப் பத்து முறை எழுத வைத்தேன்.
பத்தாவதை எழுதும்போது அவன் அழவில்லை.
அழுதிருந்தால் இப்போது எனக்குச் சுலபமாய் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய மினிபஸ்ஸில் ஏறினேன்.
முன் இருக்கையில் உட்கார்ந்து
சந்தை வளைவுவரை வார்த்தை தேடினேன்.
"அன்றைக்கு நீ எழுதியது சரி."
"எந்த அன்றைக்கு, டீச்சர்?" என்றான், கியரை மாற்றியபடி.
சொன்னேன். அவனுக்கு நினைவில்லை.
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்து,
"கதவை மெதுவாய்ச் சாத்துங்கள்" என்றான்.

திங்கள்கிழமை.
இரண்டு பனிக்கட்டி, என் கையுறை ஒன்று.
"கையுறையில் இருப்பதுதான் முதலில் உருகும்" என்று கத்தினாள் அய்பிகே.
வகுப்பே கத்தியது.
அரை மணி கழித்துத் தட்டுத் தண்ணீரைச் சுற்றி
இருபத்தேழு தலைகள்.

"ஏன்?" என்றேன்.
விடை என் நாக்கு நுனியில் நின்று உதைத்தது.
பற்களை மூடிக்கொண்டு எண்ணினேன்.
நான்கு. ஐந்து.
யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
ஒன்பது.
பன்னிரண்டில் கடைசி பெஞ்சிலிருந்து
கை உயர்த்தாமலே ஒரு குரல்:

"டீச்சர், கையுறைக்குள்ளதான்
யாருமே இல்லையே."