ஏழாம் கேள்வி

பெயர், படை எண், சேர்ந்த தேதி எல்லாம் சுலபம்.
ஆறுவரை பேனா எங்கும் நிற்கவில்லை.
ஏழுக்கு நான்கு கோடுகள் விட்டிருக்கிறார்கள்:
நீக்கம் என்பதை விடுவிப்பு என்று மாற்றக் கோருவது ஏன்?

டர்பன் சட்ட உதவி அலுவலகத்தில்
நொம்புமெலேலோ சொன்னாள்:
"அந்தப் படகைப் பற்றி எழுதுங்கள் அங்கிள்,
தண்ணீரிலிருந்து எடுத்தீர்களே, அவர்களைப் பற்றி.
வாரியத்தில் இருப்பவர்களும் மனிதர்கள்தான்."

எழுதலாம்.
பதினொரு பேர். டுகேலா முகத்துவாரத்துக்கு வடக்கே.
கடைசி ஆளின் சட்டைப்பையில்
பிளாஸ்டிக்கில் சுற்றிய பஸ் டிக்கெட்,
ஒரு ஓரம்கூட நனையாமல்.
அன்றிரவு புகைத்தேன் என்று எழுதினால் பொய்யில்லை.
அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையும் புகைத்தேன்.
அது சும்மாதான்.
இயந்திர அறைச் சூட்டிலிருந்து மேலே வந்தேன்,
கடல் நன்றாக இருந்தது.
இதற்கு நான்கு கோடுகளில் இடமில்லை.

திங்கள் காலை, சாலிஸ்பரி தீவில் அணிவகுப்பு.
பட்டியலில் ஒன்று விட்டு ஒன்றாகக் கூப்பிட்டார்கள்.
நாயக்கர் உண்டு. அடுத்த பெயர் நோர்ட்ஜே, இல்லை.
சிவப்பு மூடி போட்ட சின்ன பாட்டில்
என் எண் ஒட்டி, என் கையிலேயே வெதுவெதுப்பாக.
பதினொரு வருஷச் சேவை அதற்குள் கொள்ளும் என்று
அன்றுதான் தெரிந்தது.

இப்போது சட்டம் செடியை மன்னித்துவிட்டது.
பக்கத்து வீட்டுப் பையன் பெயின்ட் வாளியில் வளர்க்கிறான்,
கொத்தமல்லிக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில்.
போலீஸ் வண்டி போகும்போதும் தண்ணீர் ஊற்றுகிறான்.
என் காகிதத்துக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை.

வீடு, பஸ் சலுகை, ஆஸ்பத்திரி
வேண்டாம் என்று சொல்ல நான் பெரிய ஆளில்லை.
ஆனால் கெரூஷா தன் மாமனார் வீட்டில்
அப்பா நேவியில் ரிட்டயர்ட் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.
அவள் பொய்யை
பின்தேதியிட்டு உண்மையாக்க முடியுமா?
இதையும் எழுதக்கூடாதாம்.

நற்சாட்சிக் கடிதங்கள் இரண்டு வேண்டும்.
ஒன்று கோயில் செயலாளர் கொடுத்தது:
அன்னதானத்தில் தவறாமல் அண்டா தூக்குபவர்.
மற்றதற்கு பிளஃபுக்குப் போனேன், நோர்ட்ஜே வீட்டுக்கு.
அகப்பட்டவனுக்கு அட்டமத்தில் சனி என்பாள் அம்மா.
பழமொழியின் மறுபாதி
அவர் கேட்டில் பெல் அடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

ஒரே சுருட்டு அது. இரண்டு பேர் இழுத்தோம்.
அவர் இரண்டு விரலால் டைப் அடித்தார்:
நம்பத்தக்கவர். நெருக்கடியில் நிதானமானவர்.
மனைவி ரூய்போஸ் தேநீர் கொண்டு வைத்தாள்.
கையெழுத்துப் போடும் இடத்தில் நிறுத்தி,
தலை நிமிராமல் கேட்டார்:
"நானும் இருந்தேன் என்று சேர்க்கட்டுமா?"
வேண்டாம் சார், ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டுமாம், என்றேன்.
பிரிண்டர் எங்கள் இருவருக்கும் சேர்த்து
நெடுநேரம் சத்தம் போட்டது.

கடைசியில் மூன்று கோடுகள் நிரப்பினேன்.
புகைத்தேன்.
பதினொரு வருஷம் உங்கள் இயந்திரம் என்னால் நின்றதில்லை.
இரண்டும் ஒரே ஆள்.

நான்காவது காலி என்று
நொம்புமெலேலோ போன் செய்கிறாள்.
காலி விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.
இருபத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு:
அது போகவர எடுத்த டிக்கெட்.
எம்பங்கேனி. வரும் பாதி கிழிபடவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் அம்மா, வேலையில் இருக்கிறேன்.
சாட்ஸ்வொர்த் சென்டர் வாசல்,
பளபளக்கும் மஞ்சள் மேலங்கி,
பின்னால் வருகிறது ஒரு வெள்ளை டொயோட்டா.
ஓட்டுபவள் புதுசு, கண்ணாடியில் என்னையே பார்க்கிறாள்.
வரலாம், வரலாம், இன்னும் கொஞ்சம் வரலாம்,
நில்.
ஐந்து ராண்ட்.
கை தானாக நெற்றிக்குப் போகிறது.