சூத்தை

வெல்லாவெளி ஆஸ்பத்திரி, பல் அறை.
பதினேழாம் நம்பர் துண்டோடு வந்த புவிராஜ்
வாயைத் திறக்கமுன் சேட்டுப் பொக்கற்றைத் திறந்தான்.
"மிஸ், முதல்ல இதைப் பாருங்க."

கோழி முட்டையிலும் கொஞ்சம் பெரிசு.
அழுக்கு வெள்ளை. நடுவில் ஓட்டை.
சாய்ந்த நெல்லை அள்ளும்போது
வெட்டு மெஷினின் கத்தியில் மூன்று பல்லை உடைத்ததாம்,
பரல்கூடத் தட்டாத களி வயலில்.
மெஷின்காரன் காசு கேட்கிறான்.
தெய்வநாயகப் போடியார் வேறொன்று சொல்லி அனுப்பியிருந்தார்:
"பழசெண்டு மட்டும் எங்கயும் எழுதிப் போடாதிங்க,
மறுகா வயலுக்க போர்ட் வந்து நிக்கும்."
புவிராஜுக்கு மட்டும் அது பழசாக இருக்கவேண்டும்.
"ஆரோ துளைச்சிருக்கான் மிஸ்.
கல்லுக்குத் தானா ஓட்டை விழுமா?"

நான் கல் படித்தவளில்லை.
பத்தொன்பது வருடமாய் ஓட்டை பார்க்கிறவள்.
வாய்க்கண்ணாடியை வைத்து விளக்கைச் சாய்த்தேன்.

நான் துளைக்கும் துளை வாயில் அகலும், அடியில் ஒடுங்கும்.
கை வெளியே நிற்பதால் அப்படித்தான் வரும்.
சூத்தை வேறு.
வாசலில் ஊசிமுனை, உள்ளே பானை.
இது பானை.
பானையின் அடி எப்போதோ உரசுப்பட்டுத் திறந்திருக்கிறது,
அவ்வளவுதான்.
வளைந்த கம்பியால் வயிற்றைச் சுரண்ட
அரை நகமளவு ஓடு ஒன்று தட்டில் விழுந்தது.
"மட்டி மாதிரிக் கிடக்கு," என்றாள் தவேந்தினி, கழுவிப் பார்த்து.

பல்லுக்குப் பூசும் நீல அமிலம், ஒரு சொட்டு.
நுரைத்தது.
முருகைக்கல். கடலுக்குள் ஒரு சிப்பி குடைந்த வீடு.
"ஆள் துளைக்கல்ல தம்பி. இயற்கை."
கொடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டு
என்னையே பார்த்தான்.
"அப்ப கத்திக் காசு ஆர் குடுக்கிற?"
தவேந்தினி கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை.

பிறகுதான் எனக்கே உறைத்தது.
கடல் எழுவான்கரைக்கும் அங்கால்.
குருமண்வெளிப் பாதை ஏறி, வாவி கடந்து,
அதற்கும் அப்பால்.
படுவான்கரைக் களிக்குள் இதற்கென்ன வேலை?
வெள்ளமா? வெள்ளம் இங்கிருந்து அங்கே போவது.
சுனாமி இவ்வளவு தூரம் ஏறவில்லை.
மதகு கட்ட வந்த லொறி மணலோடா?
இருக்கலாம்.

மறுபடி விளக்கு.
ஓட்டை வாயின் ஒரு பக்கம் மட்டும்
கம்பி வழுக்கியது. மற்ற இடமெல்லாம் மாட்டியது.
வழுக்கிய இடத்தில் சின்னப் பள்ளம்.
இந்தப் பள்ளத்தை எனக்குத் தெரியும்.
திங்கட்கிழமை, பன்னிரண்டாம் நம்பர், மரியசீலி.
இருபது வருடத் தையல்.
நூல் கடித்துக் கடித்து முன்பல் நுனியில் விழுந்த வெட்டு.
முளைத்த பல்தான். யாரும் அராவவில்லை.

"இதில ஏதோ தொங்கியிருக்கு," என்றேன்.
"இல்லாட்டி இது எதிலயோ தொங்கியிருக்கு."
"எவ்வளவு காலம் மிஸ்?"
பல்லின் தேய்வில் வயது சொல்ல
அந்த ஆள் என்ன தின்றார் என்றாவது தெரியவேண்டும்.
இங்கே கயிறே இல்லை.
வலையோ, மாட்டுக் கழுத்தோ,
மூன்று தலைமுறையோ, மூன்று ஆயிரமோ.

"சரி, கதிரையில ஏறுங்க."
கீழ்க்கடைவாய், இடது பக்கம். காப்பாற்ற வழியில்லை.
ஊசி போட்டுப் பிடுங்கி, பஞ்சைக் கடிக்கச் சொல்லி,
பதிவேட்டில் பல்லை மட்டும் எழுதினேன்.

எழும்பியவன் போகவில்லை.
நெல்மூட்டை கட்டும் பச்சை நைலோன் கயிற்றைக்
காற்சட்டைப் பையிலிருந்து இழுத்தான்.
விறைத்த உதட்டில் எச்சில் வடிய
ஓட்டையில் கோத்துத் தூக்கிப் பிடித்தான்.
கல் இரண்டு தரம் சுற்றியது.
ஒரு பக்கம் சாய்ந்தது.
கயிறு பள்ளத்தைத் தேடிப் போய் விழுந்தது.
விழுந்தும் இரு பக்கமும் இடம் மிச்சம்.

"ம்," என்றான் பஞ்சுக்குள்ளால்,
பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து
மெல்ல விரித்துக் காட்டினான்:
இதைவிடத் தடிப்பு.