வரிசை எண் 214

யெரெவான். இரண்டாவது இருட்டுக் குளிர்காலம்.
நான் லிஃப்ட் மெக்கானிக்.
கரண்ட் இல்லாத ஊரில்
என்னைவிட வேலையற்றவன் எவனும் இல்லை.

ஒன்பதாம் மாடியில் என் தொட்டி.
நாற்பது கப்பிகளில்
ஆண்களெல்லாம் டிசம்பருக்குள் போயின,
விசிறிவாலை மடிக்காமலே.
மிஞ்சியது ஒருத்தி.
சாம்பல் நிறம். விலைக்குக் கேட்டவர்கள்கூட
வேண்டாமென்று தள்ளிவிட்டவள்.

ஊறுகாய் ஜாடியில் அவளை மாற்றி
மஃப்ளரால் வயிற்றோடு கட்டிக்கொண்டேன்.
மேலே ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு.
மகள் நாஸெலி காய்ச்சல் பார்க்கும் கருவியை
எனக்கு வைக்காமல் ஜாடியோடு ஒட்டிவைத்தாள்.
அதில் பாதரசம் அசையவே இல்லை.
"உயிரோடுதான் இருக்கிறாள்," என்றாள்,
"நீங்கள் குனியாமல் நடங்கள்."

ரொட்டி வரிசையில்
உள்ளங்கையில் பேனாவால் எண் எழுதுவார்கள்.
அன்று எனக்கு இருநூற்றுப் பதினான்கு.
வியர்த்தால் அழியும் என்ற கவலை
அந்த ஊரில் யாருக்கும் இல்லை.

அவள் வயிறு சதுரித்திருந்ததைப் பார்த்திருந்தேன்.
கொழுப்பென்று நினைத்தேன்.
ஆண் செத்து ஐந்து வாரம்!
ஆனால் கப்பிப் பெண்
ஒருமுறை வாங்கியதை மாதக்கணக்கில்
உள்ளே பத்திரமாக வைத்திருக்கும்,
நாங்கள் கூப்பன் வைத்திருந்ததுபோல்.

கோட்டைத் திறந்து எட்டிப் பார்த்தபோது
ஒரு கடுகு சுருண்டு விழுந்தது.
விழும்போதே நிமிர்ந்தது.
கண் ஏற்கெனவே திறந்திருந்தது.

தாயும் பிள்ளையும் ஆனாலும்
வாயும் வயிறும் வேறு என்பார்கள்.
இவளுக்கு அப்படி இல்லை.
வயிற்றிலிருந்து வந்ததைத்
திரும்பி வாயால் எடுத்துக்கொள்வாள்.
"பாத்திரம்!" என்று கத்தினேன்,
"யாரிடமாவது ஒரு பாத்திரம்!"

ஒருவர் டப்பா நீட்டினார். முகர்ந்தேன்.
மண்ணெண்ணெய்.
இன்னொன்று. அதுவும் மண்ணெண்ணெய்.
அந்த வருஷம் எங்கள் தலையணையும் அப்படித்தான் நாறியது.
ஹ்மாயாக் என்ற கிழவர்
ஃபிளாஸ்க் மூடியிலிருந்த தேநீரை
நாக்கு வெந்தாலும் ஒரே மடக்கில் குடித்து
கைக்குட்டையால் மூன்றுமுறை துடைத்துத் தந்தார்.
தாயை அதில் அள்ளினேன்.
விரல்களுக்கிடையே அவள் இன்னும்
ஒன்றைப் பெற்றாள்.

பின்னாலிருந்து ஒரு குரல்:
"மீனா? பொரிக்க எண்ணெய் இருக்கிறதா?"
முழு வரிசையும் சிரித்தது. பிறகு முழு வரிசையும்
ஜாடிமேல் கவிழ்ந்தது.
"பதினேழு" என்றாள் ஏழாம் மாடி சிரானுஷ்.
எண் இருநூற்றுப் பதின்மூன்று, பள்ளியில் கணக்கு டீச்சர்.
"பத்தொன்பது" என்றார் ஹ்மாயாக்.
சண்டை மூண்டது.
எத்தனையோ மாதத்தில்
ரொட்டியைப் பற்றி அல்லாத முதல் சண்டை.

வீட்டில் ஒரு முட்டை இருந்தது.
அது நாஸெலியின் முட்டை.
மஞ்சள் கருவில் பாதியைத் துணியில் கட்டித்
தண்ணீரில் பிழிந்தவளும் அவள்தான்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
மீதிப் பாதியை அவள் தின்ற சத்தம் கேட்டது,
மெதுவாக,
உப்பில்லாமல்.

விறகடுப்பருகே அவை வளர்ந்தன.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லாம் ஒரே நிறம்.
எது ஆண், எது பெண்,
எதற்கு அப்பனின் வால்?

மார்ச்சில் ஒரு நாள், விடிகாலை மூன்று மணி.
"வந்துவிட்டது!" என்று கட்டடமே அலறியது.
துவைக்க ஓடினார்கள், ரொட்டி சுட ஓடினார்கள்.
நான் தொட்டி விளக்கைப் போட்டேன்.
குனிந்தேன்.
ஒன்றின் விலாவில் ஆரஞ்சுப் பொட்டு.
அடுத்ததைப் பார்க்கத் தலை திருப்பினேன்,

போய்விட்டது.

கீழே இரும்புக் கதவை யாரோ தட்டும் ஓசை.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே
குடத்துத் தண்ணீரோடு சிக்கியிருந்தாள் சிரானுஷ்.
ஏழு மாடி ஏறியே பழகியவளுக்கு
அன்றைக்கென்று ஆசை.

ஸ்பேனரும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
இரண்டு குளிர்காலத்தில் என் முதல் வேலை.
கதவை நான் நெம்பிப் பிளக்கும் முன்னே
இடுக்கு வழியாகக் கேட்டாள்:

"என்ன நிறம்?"

"ஒன்று ஆரஞ்சு."

"மற்ற பதினாறு?"

"பதினெட்டு," என்றேன்.
"குடத்தை முதலில் கொடுங்கள்."