திரை இழுப்பவள்

விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற இடத்துக்கு
ஒன்றரை வரிதான் விட்டிருந்தார்கள்.
பள்ளி விழா என்று எழுதினேன்.
போதாது என்றார் ஒர்லாண்டோ.
"மக நடிக்கிறாளா?"
இல்லை.
"பாட்டு? ஆட்டம்?"
இல்லை. திரை இழுக்கிறாள்.
பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி
என்னையே பார்த்தார்.
"அப்போ அவ தெரியவே மாட்டாளே, இலீதியோ."

தெரியமாட்டாள்தான்.
ஆனால் பிள்ளை மேடையில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று
சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.
சங்கத்து அறிவிப்புப் பலகையின் முன் நின்று
காப்பி ஆறும்வரை
இரண்டு முறை படித்துவிட்டேன்.

மூன்று மணி நேரம் கிடைத்தது.
என் நடுப்பகல் நடைகள் இரண்டைக் கசிமீரோ ஏற்றுக்கொண்டான்.
பதிலுக்கு என் ஞாயிறு ஒன்று போயிற்று.

ஆறு வருடமாய் அந்தப் பள்ளி வாசலைக் கடக்கிறேன்,
நாளைக்கு ஒன்பது தடவை.
நிறுத்தம் அங்கே இல்லை, மருந்துக்கடை முனையில்.
வேலிக்குள் மஞ்சள் கோட்டுகள் ஓடும்.
அதில் ஒன்று அவள்.
எது என்று பார்ப்பதற்குள் சிக்னல் பச்சையாகிவிடும்.
ஒருமுறை ஹார்ன் அடித்துப் பார்த்தேன்.
எல்லாப் பிள்ளைகளும் கையசைத்தார்கள்.
அதனால் ஒரு பயனும் இல்லை.

இன்று பயணியாக ஏறினேன், என் தடத்திலேயே.
கசிமீரோ பிரேக்கைக் கடைசி நொடியில்தான் மிதிக்கிறான்.
சொல்ல வாயெடுத்தேன்.
விடுப்பில் இருப்பது ஞாபகம் வந்தது.

ஜூன் மாதம். சாதோ ஆற்றின் உப்புக் காற்றும்
முனைக்கடையில் பொரிகிற கணவாயின் வாசமும்
மண்டபத்துக்குள் வரை கூடவே வந்தன.
எண்பது அம்மாக்கள், ஏழெட்டு அப்பாக்கள்,
தூக்கிப் பிடித்த செல்போன்கள்.
நான் எதைப் படம் பிடிப்பது?
மூடியிருந்த சிவப்புத் துணியை ஒன்று எடுத்தேன்.
பக்கத்து அம்மா திரும்பிப் பார்த்தாள்.

சுல்மீரா டீச்சர் ஏதோ சொல்லி முடித்ததும்
திரை அசைந்தது.
பாதி வழியில் மாட்டிக்கொண்டது.
சிரிப்பு.
துணி ஓரத்திலிருந்து ஒரு கை வெளியே வந்தது.
மணிக்கட்டில் என் பழைய கடிகாரம்,
ஆணியால் மூன்று துளை கூடுதலாய்க் குத்திய வார்.
ஒரு வெட்டு இழுப்பு.
திறந்தது.

நாடகம் ஏதோ கடலைப் பற்றி.
நான் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
முடிவில் மீன்களெல்லாம் உள்ளே ஓடிவிட,
ஒரு நண்டு மட்டும், ஐந்து வயதிருக்கும்,
கழன்று விழுந்த கொடுக்கை
மேடை நடுவில் குனிந்து தேடிக்கொண்டிருந்தது.
பியானோ நின்றுவிட்டது.
மூடு மூடு என்று டீச்சர் கையை ஆட்டினார்.
திரை மூடவில்லை.
கொடுக்கு கிடைத்தது.
நண்டு, நண்டு மாதிரியே பக்கவாட்டில் நடந்து போனது.
கடைசிக் காலும் உள்ளே போன பிறகு
மெதுவாக,
மிக மெதுவாகத் திரை.

அதை நான் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை.
அவள் அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
இரவு வேலையாக இருந்த வருடம்
என் முதுகுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து வருவாள்.
பின்கதவுக் கண்ணாடியை நான் பார்ப்பதை
அவள் பார்த்திருக்கிறாள் போல.

கைதட்டினார்கள். நானும் தட்டினேன்,
யாருக்கென்று தெரியாதவர்களோடு சேர்ந்து.

வெளியே வந்தாள், கயிறு பட்டு உள்ளங்கை சிவந்திருந்தது.
"நான் தெரிஞ்சேனாப்பா?"
"கை தெரிஞ்சது."
"ஒண்ணா, ரெண்டா?"
"ஒண்ணு."
"இன்னொண்ணு கயித்தைப் பிடிச்சிட்டிருந்தது" என்றாள் பெனெடிட்டா,
கணக்கை நேர் செய்கிறவளைப் போல.

டிப்போவில் ஒர்லாண்டோ காகிதத்தை நீட்டினார்.
'திரும்பிய நேரம்.'
எழுதிப் பார்த்தால் பதினோரு நிமிடம் மிச்சம்.
அதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.
முடியாதாம்.
கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு
வண்டியை எடுத்தேன்.