என் எங்கே

சத்துவாச்சாரி மண்டபத்தில் முகூர்த்த நாளுக்கு
நானூறு ரூபாய், ஒரு இலைச் சாப்பாடு.
வாசலில் வரும் காரை வாங்கி
பின்பக்கம் புளியமரத்தடியில் சொருக வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

ஆனால் ஒவ்வொரு காரும் புதுவீடு.
கரண்ட் போன நேரத்தில் நுழைந்தவன்போல்
சுவிட்ச் எங்கே என்று தடவ வேண்டும்.

ராணிப்பேட்டை வக்கீல் வண்டியில் கியர் ஒரு திருகு.
இப்படித் திருப்பினால் முன்னால், அப்படித் திருப்பினால் பின்னால்.
முதல் தடவை
தேங்காய்ச் சட்னி ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.
ஆம்பூர் ஷூ கம்பெனிக்காரருடையதில்
ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு தண்டு.
வைப்பர் என்று நினைத்துத் தட்டினேன்.
அன்றைக்குச் சாய்ந்த வாழைமரத்துக்கு
இருநூறு பிடித்துக்கொண்டார்கள்.
குடியாத்தம் டாக்டரம்மாவுக்குப் பட்டன்கள்.
"மூணாவது மாடி அமுக்குடா" என்பான் கோதண்டம்.

என் இடது கைதான் பாவம்.
இல்லாத குச்சியைப் பிடிக்கப் போய்
டம்ளர் வைக்கும் குழியில் விழுந்து
யாரோ கடித்துவைத்த சோன்பப்டியோடு திரும்பும்.

தண்ணியில்லா ஆறு,
ராசாயில்லா கோட்டை,
மரமில்லா மலை என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள்.
கியரில்லாக் கார் வந்தபோது
நாங்கள் பெரிதாக ஒன்றும் வாய்பிளக்கவில்லை.

போன வைகாசி.
மாப்பிள்ளை அழைப்பு தெருமுனைக்கு வந்துவிட்டது.
மாப்பிள்ளையின் பெரியப்பா நாகரத்தினம்
கேட்டுக்கு நடுவே நிறுத்திய புது வண்டி
அப்படியே செத்துப்போனது.
பேட்டரியாம்.
திரை இருண்டது.
பி, ஆர், என், டி நாலும்
அந்தத் திரைக்குள்தான் குடியிருந்தன.

தள்ளலாம் என்றால் சக்கரம் அசையவில்லை.
பூட்டுப் போட்டது பி.
"என் எங்கே, என் எங்கே" என்று நான் குனிந்து தேட
பெரியப்பா கத்தினார்:
"உன்னுது இன்னாடா கீது அதுல?
என் வண்டிடா அது!"

பேர்ணாம்பட்டு பேண்ட் செட்
அதே பாட்டை மூன்றாம் முறை ஆரம்பித்தது.
ஜீப்பின் மேல் மாப்பிள்ளை
மாலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் மாற்றினார்.
யாரோ கம்பெனிக்கு போன் போட
தமிழுக்கு ரெண்டை அமுக்கச் சொன்னது ஒரு பெண்குரல்.

சாதிக் பாஷா பந்தியிலிருந்து வந்தான்,
கையில் சாம்பார் கரண்டி.
டம்ளர்க் குழிக்குப் பக்கத்தில்
தீப்பெட்டி அளவு மூடி ஒன்று.
நான் நூறு தடவை கை விழுந்தும் பார்க்காதது.
கரண்டிக் காம்பால் நெம்பினான்.
உள்ளே சிவப்பாக ஒரு நாடா,
குழந்தைக்குக் கட்டுகிற அரைஞாண் கயிறு மாதிரி.
இழுத்தான்.

டக்.

குச்சியைப் பிடுங்கிப் போட்டவன் எந்த ஊரோ.
அவனுக்கும் ஏதோ ஒரு ராத்திரி தூக்கம் வந்திருக்காது.
எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டு
விளம்பரத்தில் சொல்லாமல்
மூடிக்குக் கீழே
ஒரு கைக்கு ஒரு கயிறு விட்டுவைத்திருக்கிறான்.

அப்புறம் தள்ளினோம்.
டிரம்காரர் டிரம்மை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளினார்.
மாப்பிள்ளையும் இறங்கி வந்தார்,
பின்கண்ணாடியெல்லாம் சம்பங்கி ஈரம்.
இருபது லட்ச ரூபாய் வண்டி
கோயில் மாடு நகர்கிற மாதிரி
ஓரத்துக்குப் போய் நின்றது.

ராத்திரி பெரியப்பா தனியாக வந்தார்.
திட்டவில்லை, காசும் கொடுக்கவில்லை.
"அந்தக் கயிறு எங்கன்னு காட்டு" என்றார்.
காட்டினேன்.
மூடியைத் திறந்து, மூடி,
மறுபடி திறந்து பார்த்தார்.

பதினொன்றரைக்கு விருதம்பட்டு கிளம்பினேன்.
பாலாற்றுப் பாலத்தில் மணல்காற்று.
என் வண்டி எக்ஸெல்.
வாங்கின நாளிலிருந்தே கியர் கிடையாது அதற்கு.
அதை மாடல் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.
அரிசி மூட்டை வைத்தால்
கொஞ்சம் முனகும்.