கறுப்பு, கசப்பு, இதர

டாப்பனிஷில் செப்டம்பர் வந்தால்
காற்றே கசக்கும்.
ஹாப்ஸ் உலர்த்தும் சூளைகள் இரவெல்லாம் மூச்சுவிட,
துவைத்துக் காயப்போட்ட சட்டையிலும்
பைன் பிசின், பம்பளிமாஸ் தோல்.

சூளை வேலை முடிந்து வருகிறான் எலிசேயோ பர்ரகான்,
ரொட்டிப் பையில் மூன்று கைப்பிடி கூம்புகள்.
கராஜைத் திறந்து வைத்திருக்கிறாள் தோர்டிஸ் குவாம்மே.
குளிர்காலத்தில் கவுண்டிக்குப் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவள்.
எந்தக் காலத்திலும்
கறுப்பைத் தவிர வேறொன்றும் குடிக்காதவள்.

அவளுக்கு ஸ்டவுட் வேண்டும்:
தீய்ந்த ரொட்டி, காப்பி வண்டல்,
நாக்குக்குக் கம்பளி போர்த்தினாற்போல.
அவனுக்கு ஐ.பி.ஏ. வேண்டும்:
நாக்கைப் பிடித்திழுத்து
வெயிலில் நிறுத்துகிற மாதிரி.
இருப்பதோ ஒரே பானை.

முதல் தடவை
வறுத்த பார்லியை வஞ்சனையில்லாமல் கொட்டினாள்.
அதற்குமேல் அவன் ஹாப்ஸைக் கொட்டினான்.
ஐந்து வாரம் கழித்துத் திறந்தால்
பைன் காட்டில் டயர் கொளுத்திய ருசி.
கரியின் கசப்பும் கொடியின் கசப்பும்
ஒரே நேரத்தில் பேசின,
ஒன்று சொன்னதை மற்றது கேட்கவில்லை.
சாக்கடையில் ஊற்றும்போது
அவர்களும் பேசவில்லை.

இரண்டாம் தடவை
உமி நீக்கிய கருமால்ட்டைத் தனியே
பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டாள்.
நிறம் இறங்கும், கரி இறங்காது.
யார் சொன்னது?
பிரிட்ஜில் மறந்துபோன காப்பி சொன்னது.
அவன் ஒன்றும் சொல்லாமல்
கொதியில் போடவேண்டியதில் பாதியை எடுத்துவைத்து
அடுப்பணைத்த பிறகு போட்டான்.
அது அவன் வணக்கம் வைக்கும் விதம்.

ஈஸ்ட்டுக்கு என்ன தோன்றியதோ,
மூன்றாம் இரவு இரண்டரை மணிக்கு
மூடி தெறித்துக் கூரையில் அடித்தது.
தோர்டிஸ் போன் போட்டாள்.
ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் பூட்ஸுமாக வந்தான்.
கறுத்த நுரை சுவரில் வழிந்து
அவளுடைய பனிச்சங்கிலிகள்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.
ஏணியில் ஏறித் துடைக்கப் போனவன்
கூரையை விரலால் வழித்து நக்கினான்.
ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டான்.
இறங்கு.
பொறு.
இறங்குடா, எனக்கு.

மீந்தது முப்பத்தொரு பாட்டில்.
யாக்கிமா போட்டிக்கு இரண்டு அனுப்பலாம் என்றார்கள்.
படிவத்தில் வரிசையாகப் பெட்டிகள்:
வெளிர், செம்மை, பழுப்பு, கறுப்பு,
கசப்பானது, புளிப்பானது, இதர.
ஒரு பெட்டியில்தான் குறியிட வேண்டும்.
ஒன்றரை மணிநேரம் சண்டை.

மலைக்கு ஒன்று, கடற்கரைக்கு ஒன்று என
நிலத்துக்கு நிலம் காதலைப் பங்குபோட்ட நம் இலக்கணம்
கலந்தாலும் குற்றமில்லை என்று
ஓர் இடுக்கு விட்டுவைத்தது.
அதற்கு இட்ட பெயர் மயக்கம்.
குடித்தவனுக்கும் அதே சொல்தான்.
படிவம் அடித்தவருக்கு இது தெரியாது.
பேனாவைப் பிடுங்கி
'இதர'வில் குத்தினாள் தோர்டிஸ், தாள் கிழிய.

நடுவர் குறிப்பு தபாலில் வந்தது.
ஒருவர்: நல்ல ஐ.பி.ஏ., யாரோ விளக்கை அணைத்துவிட்டார்கள்.
இன்னொருவர்: நல்ல ஸ்டவுட், உள்ளே மரம் எப்படி வந்தது?
ஐம்பதுக்கு இருபத்தொன்பது.
எலிசேயோ ஸ்பானிஷில் திட்டினான், நிதானமாக,
ஹாப்ஸ் போடுவதுபோல் இடைவெளி விட்டு.
அவள் தாளை நாலாக மடித்து
ஆடுகிற பிரிட்ஜின் காலுக்கு அடியில் கொடுத்தாள்.
ஆட்டம் நின்றது.

கடைசி பாட்டிலை நவம்பரில் உடைத்தார்கள்,
முதல் பனிக்கு லாரியைக் கிளப்புமுன்.
வேலை நேரம்; அவளுக்கு முகர மட்டும்.
ஹெட்லைட்டுக்கு நேரே கண்ணாடியை அவன் தூக்கிப் பிடிக்க
ஓரத்தில், நகக்கண் அகலத்துக்கு,
மாதுளைச் சிவப்பு.
இது கறுப்பே இல்லை என்றான்.
இத்தனை நாள் நீ பார்க்கவே இல்லையா என்றாள்,
கியரைப் போட்டபடி.
அடுத்ததில் கம்பு ரை சேர்க்கப் போகிறேன்.
சேர்க்காதே என்று அவன் கத்தியது
இன்ஜினில் கேட்கவில்லை.