புள்ளித்தாள்

வேறு காகிதம் அகப்படவில்லை.
பத்துச் சுற்றுக்குப் பத்துக் கட்டம் போட்ட
மிஞ்சிப்போன புள்ளித்தாள்களில்தான் எழுதுகிறேன்:
சிவப்பு மூலையில் கொடுத்தவர்,
நீல மூலையில் கொடுப்பதாகச் சொன்னவர்.
எப்போதும் நீலம்தான் முன்னணியில்.

புக்கோமில் இன்று செவ்வாய்க்கிழமை.
கடலுக்கு ஓய்வு, படகு எதுவும் இறங்காது.
மீன் சுடும் அமெர்லேதான் நாள் குறித்தாள்.
வலையைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனால்
எழுந்து ஓட முடியாது என்பது அவள் கணக்கு.

ஒரு பெயிண்ட் வாளி,
மூடியில் கத்தியால் கீறிய வாய்.
வாளியின் வயிற்றில் ஒடார்ட்டேயின் படம்.
பதினேழு வயது, வாய்க்காப்பு பிதுங்க,
சிரிக்கிறானா முறைக்கிறானா
அன்றும் யாருக்கும் தெரிந்ததில்லை.

கட்டி, இடது காதுக்கு மேலே, உள்ளே.
எலுமிச்சை அளவு என்றது ஆஸ்பத்திரி.
மறுநாள் சந்தையில் அது முட்டையாகி
பொழுது சாய்வதற்குள் தேங்காயாகிவிட்டது.
'தேங்காய் என்றால் தலையை எங்கே வைத்திருக்கிறான்?'
என்று சண்டைக்குப் போனாள் அவன் மனைவி ஷோர்மே.
போன இடத்திலேயே சிரித்தாள்.
சிரித்த வாயை மூடமுடியாமல் அழுதாள்.

அடி வாங்கி வந்ததல்ல இது என்று
மூன்று முறை சொன்னார் மருத்துவர்.
மூன்று முறையும் லார்ட்டே தலையாட்டினான்,
நம்பவில்லை.
எட்டாவது சுற்றில் அவன் வலதுகை போய் இறங்கியது
அதே காதுக்கு மேலேதான்.
இப்போது வாளி அவன் தோளில்.
வேறு யார் கேட்டாலும் தருவதில்லை.
அவன் வந்து நின்றால்
இரண்டு சீடி போட எடுத்த கை
திரும்ப உள்ளே போய்
இருபதோடு வருகிறது.

சவப்பெட்டித் தச்சன் ஒக்காய்,
மீனவனுக்கு மீன், ஓட்டுநருக்கு லாரி,
குத்துச்சண்டைக்காரனுக்குக் கையுறை என்று
கேட்ட வடிவில் பெட்டி இழைப்பவன்,
முந்நூறு எண்ணி வைத்தான்.
'என் தொழிலுக்கு எதிராக
நானே போடும் முதல்' என்றான்.
அதையும் அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஜிம் பையன்கள் காலணி துடைத்துக் கொண்டுவந்தது
நாற்பத்தொன்று, எல்லாம் சில்லறை.
லாட்டரிக்காரர் பணம் தரவில்லை, ஒரு எண் தந்தார்.
நீல மூலையில் போட்டேன்.

இனி எழுதாதது.

அந்தச் சண்டைக்குப் புள்ளி போட்ட
மூவரில் நானும் ஒருவன்.
ஒன்பதாவது சுற்று.
முன்வரிசையில் ஒருத்தி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
தோல் அறுபடாமல்
ஒரே சுருளாக மடியில் இறங்கியது.
அறுந்துவிடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
மணி அடித்துவிட்டது.
லார்ட்டேக்குப் பத்து, ஒடார்ட்டேக்கு ஒன்பது.

அந்த ஒரு புள்ளியில் பட்டம் போனது.
பட்டத்தோடு லண்டன் போனது.
லண்டனோடு போன தொகையைத்தான்
வீடு வீடாக இப்போது
சில்லறையாகத் திருப்பி வாங்குகிறோம்.
அன்று உடைமாற்றும் அறை வாசலில்
வீங்கிய கண்ணோடு என் கையைப் பிடித்து
'சரியாகத்தான் பார்த்தீர்கள், ஐயா' என்றான்.

நேற்று போய்ப் பார்த்தேன்.
சொற்கள் அவனைவிட்டு ஒவ்வொன்றாக நழுவுகின்றன.
கரண்டிக்குப் பெயர் வரவில்லை,
மகளை அக்கா பெயரால் கூப்பிடுகிறான்.
என்னை மட்டும் தெரிந்தது.
'ஐயா, எத்தனையாவது சுற்று?' என்றான்.
ஏழு என்றேன்.
ஏன் ஏழு என்று சொன்னேன்?

வியாழன் தலை மழிப்பார்கள், வெள்ளி திறப்பார்கள்.
பதினோராயிரம் குறைகிறது.
விளக்கு வைத்தாயிற்று, லார்ட்டே இன்னும் திரும்பவில்லை.
தெருமுனையில் வாளி குலுங்கும் சத்தம் மட்டும்.

புதுத்தாள் ஒன்றை எடுத்து
சிவப்பு மூலையில் என் பெயர் எழுதினேன்.
ஒன்பதாம் கட்டத்தில் ஒரு தொகை.
அடித்தேன்.
கூட்டி எழுதினேன்.
போதாது, அதையும் அடித்தேன்.